கூரைமேல் ஒரு கார் கதவு

ஷார்ஜா சனையாவில் எங்கள் கடை.
தகரக் கூரைமேல்
விபத்தில் செத்த ஒரு கேம்ரியின் கதவைச்
சாய்த்து வைத்திருக்கிறேன்.
கண்ணாடியில் ஐந்து துண்டு ஃபிலிம்,
வெள்ளை மார்க்கரில் எண் போட்டது.
ஜூன் நான்காம் தேதி ஒட்டினேன்.

பங்காளி நிஸ்தார் கேட்கிறான்:
"கதவுக்கு வெயில் காட்டுறியா,
இல்ல வத்தல் போடுறியா?"
வத்தல்தான்.
காய்ந்தால்தானே தெரியும்
எதில் சதை, எது வெறும் தோல்.

ஃபிலிம் விற்க வருகிறவர்கள் எல்லோரும்
ஒரே மாதிரிப் பெட்டி கொண்டுவருகிறார்கள்.
உள்ளே ஒரு சூட்டு விளக்கு,
முன்னால் செருக ஒரு கண்ணாடி.
"கையை வைங்க சார்."
வைப்பேன். சுடாது.
பெட்டிக்குள் ஆகஸ்ட் கிடையாது.
பத்து வருடக் கேரண்டி என்று
தங்க எழுத்தில் அட்டை நீட்டுவார்கள்.
அந்தக் கம்பெனிக்கு வயது மூன்று.

போன வருடம் பாதி விலை என்று
பேர் தெரியாத ரோல் ஒன்றை வாங்கினோம்.
வந்த அன்று அண்டங்காக்கைக் கறுப்பு.
பதினொரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார்
சூடான்காரர், நர்ஸ் இக்லாஸ்.
அவர் காரின் பின்கண்ணாடி
நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி இருந்தது.
சண்டை போடவில்லை.
"நைட் ட்யூட்டி முடிஞ்சு வரும்போது
பின்னால வர்ற ஒவ்வொரு வண்டிக்கும்
நாலு விளக்கு தெரியுது" என்றார்.
ரசீதைக்கூட எடுக்கவில்லை.

உரித்தேன்.
நல்ல ஃபிலிம் பாம்புச் சட்டைபோல
ஒரே தோலாய்க் கழன்று வரும்.
இது துணுக்குத் துணுக்காய்க் கிழிந்தது.
பசை மட்டும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது,
வாடகை தராத குடித்தனக்காரனாக.
ஸ்டீமர். சோப்புத் தண்ணீர். பிளேடு.
பிளேடு பட்டால் அறுந்துபோகும் டிஃபாகர் கம்பிகள்.
மஃரிப் பாங்கு கேட்டது,
இஷா பாங்கும் கேட்டது.
மூன்று கம்பி போயிற்று.
பாதி விலையின் மீதிப் பாதியை
அன்று நகத்தால் கட்டினேன்.

அதனால்தான் கதவு.

மதியம் ஏணியில் ஏறிப் பார்ப்பேன்.
ஒன்று, ஜூலை முதல் வாரமே
ஓரம் சிவந்து கத்தரிப்பூ ஆனது.
இரண்டுக்கு அம்மை போட்டுவிட்டது.
மூன்று உலோகம் கலந்தது, கெட்டி.
நிஸ்தாரின் வண்டியில் ஒட்டிப் பார்த்தோம்.
போனில் வழி சொல்லும் அம்மா
ரவுண்டானா நடுவே ஊமையாகிவிட்டாள்.
நான்கில் காலைச் சாய்வெயில் படும்போது மட்டும்
ஒரு சொட்டுப் பால்.
ஐந்து ஒட்டிய அன்று போலவே இருக்கிறது.
ஆனால் கறுப்பே இல்லை அது.

"ஒண்ணுமே தெரியலியே, எதுக்கு இவ்வளவு காசு?"
வருகிறவர்கள் கேட்பார்கள்.
கறுப்புக்குக் காசு கொடுத்துப் பழகியவர்கள்.
இருட்டு வேறு, நிழல் வேறு.
எனக்குத் தெரிந்த இந்தியில்
இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

ஐந்தாம் எண் ரோலின் விலையை
நிஸ்தார் கால்குலேட்டரில் தட்டித் தட்டிப் பார்த்து
கடைசியில் அதைக் கவிழ்த்து வைத்தான்.

நேற்று சிக்னலில்
என் பக்கத்தில் ஒரு லேபர் கேம்ப் பஸ்.
ஒரு ஜன்னலில் மலையாளப் பேப்பர்,
ஒன்றில் சிமெண்ட் சாக்கு,
ஒன்றில் எதுவும் இல்லை.
அங்கே ஒருவன்
உள்ளங்கையைக் கண்ணாடியில் விரித்து
தன் முகத்துக்குத் தானே நிழல் பிடித்துத்
தூங்கிக்கொண்டிருந்தான்.
கை மட்டும் தூங்கவில்லை.
பச்சை விழுந்தது. பஸ் போயிற்று,
பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

கடைக்கு வந்து ஐந்தையே எடுப்போம் என்றேன்.
"கட்டுபடியாகாது" என்றான் நிஸ்தார்.
உண்மைதான்.
கணக்குப் போட்ட அதே தாளின் பின்பக்கம்
ஆர்டரும் எழுதினான்,
ஒரு ரோல் மட்டும்,
கோபமான கையெழுத்தில்.

கதவை இன்னும் இறக்கவில்லை.
செப்டம்பர் பாக்கியிருக்கிறது.